கடைவயலும் நாட்டுப் பெருமையும்

தாம் பிறந்த நாட்டைப் பெருமையாகப் பேச விரும்பாதார் உலகில் அரியர். புகைவண்டியில் முன்பின் அறியாத இருவர் அருகருகே அமர்ந்தால், சற்று நேரத்துக்குள் பேச்சு நாடுகளின்மீது சென்றுவிடுகிறது. ஒருவர் துபாய் நகரத்துப் புர்ஜ் கலீஃபாவின் 828 மீற்றர் உயரத்தை வியந்து கூறுவார். மற்றவர் ஜப்பானியர் 1964ஆம் ஆண்டிலேயே அதிவேகப் புகைவண்டியை ஓட்டிக் காட்டியதை எடுத்துரைப்பார். எதிரே இருப்பவரோ, “நம் கொழும்பிலும் தாமரைக் கோபுரம் 350 மீற்றர் உயரத்தில் நிற்கின்றதே!” என்று சொல்லி நம் நாட்டின் மானத்தைக் காப்பார். இப்பேச்சைக் கேட்டிருக்கும் சிறுவனின் உள்ளத்தில், எவர் நாட்டுக் கட்டடம் உயரமானதோ அவர் நாடே உயர்ந்தது என்னும் எண்ணம் ஆழப் பதிந்துவிடுகிறது.

இந்த அளவுகோல் நேரானதுதானா? உயர்ந்த கட்டடத்தைக் கண்டு மகிழ்வதில் குற்றமில்லை. மனித அறிவின் ஆற்றலைக் கண்டு மகிழாத நெஞ்சம் வறண்ட நெஞ்சமேயாகும். ஆயினும் ஒரு நாட்டின் பெருமையை அளப்பதற்கு அது மட்டும் போதுமா என்பதை இந்த வாரம் சற்று ஆராய்வோம். ஆராய்வதற்குக் கொழும்பின் கோபுர உச்சியிலே ஏற வேண்டியதில்லை. வன்னிப் பெருநிலத்தின் கீழைக் கரையிலுள்ள நாயாற்றில் நின்று நோக்கினாலே போதும்.

நாயாற்றில் நின்று நோக்கினால்

முல்லைத்தீவு நகரிலிருந்து தெற்கே சிலாவத்தை, அளம்பில், செம்மலை ஆகிய ஊர்களைக் கடந்து கொக்கிளாயை நோக்கிச் செல்வோர் வழியிலே நாயாற்றுக் களப்பைக் காண்பர். மேற்கே குமுழமுனையும் தண்ணிமுறிப்பும் அவற்றுக்கு அப்பால் அடர்ந்த காடும். கிழக்கே வங்கக் கடல். காட்டிலே பெய்த மழையும் வயல்களில் வடிந்த நீரும் களப்பிலே வந்து கலக்கின்றன. கோடையில் அதன் வாயை மணல் அடைக்கும். மாரி வெள்ளம் அதனை உடைத்துக்கொண்டு கடலிலே சேரும். உவரும் நன்னீரும் கலக்கும் அந்நீரில் இறாலும் மீனும் பெருகுகின்றன. கரையில் வலைஞரும் உள்ளே கமக்காரரும் வாழ்கின்றனர்.

இங்கே வானளாவிய கோபுரம் எதுவும் இல்லை. மேற்கே சென்றால் தென்படும் பொறியியல் வேலைகள் ஒரு குளக்கட்டு, ஒரு துருசு, ஒரு வான், அவற்றிலிருந்து வயலுக்கு ஓடும் வாய்க்கால் என்பனவே. அயலூரிலிருந்து வருகின்ற ஒருவர் இவற்றைப் புகைப்படம் எடுக்கவும் நினைக்க மாட்டார். ஆனால் உலகத்துப் பொறியியலறிஞர் வியந்த அறிவு அந்த மண்கட்டுக்குள்ளேதான் மறைந்திருக்கின்றது.

மண்ணுக்குள் மறைந்த அறிவு

பெரிய குளத்தில் நீர் உயர உயர, அடியிலுள்ள துருசின்மீது அதன் அழுத்தமும் பெருகும். கதவை நேரே திறந்தால் நீர் பீறிட்டுக் கட்டையே அரித்துவிடும். இந்த இடரைத் தீர்ப்பதற்கு நம் நாட்டுப் பண்டைப் பொறியாளர் கட்டினுள்ளே கிணறு போன்ற ஒரு சதுரக் கூட்டை அமைத்தனர். குளத்து நீர் முதலில் அக்கூட்டினுள் வந்து தன் வேகத்தை இழக்கும். அங்கே வைத்த கதவினால் வேண்டிய அளவு மட்டும் வெளியே விடப்படும். சிங்களத்தில் ‘பிசோகொட்டுவ’ என்று வழங்கும் இவ்வமைப்பை ஆராய்ந்தவர் ஹென்றி பாக்கர் என்னும் ஆங்கில நீர்ப்பாசனப் பொறியாளர். 1909இல் வெளிவந்த தமது நூலில் அவர், பிற்கால ஐரோப்பியர் அமைத்த வால்வுக் கோபுரங்களுக்கு இது முன்னோடி என்று கண்டு போற்றினார்.

இவ்வாறே கலாவாவியிலிருந்து அனுராதபுரத்துக்கு நீர் கொண்டு சென்ற ஜயகங்கைக் கால்வாயையும் கூறலாம். ஐந்தாம் நூற்றாண்டில் ஏறக்குறைய 54 மைல் நீளத்துக்கு வெட்டப்பட்ட அக்கால்வாய், தொடக்கத்துப் 17 மைல் தூரத்தில் மைலுக்கு 6 அங்குலமே சரிகின்றது எனக் கூறுவர். இக்காலத்து நுண்கருவிகள் ஏதுமின்றி இதனைச் செய்தவரை வணங்காமல் இருக்க முடியுமா?

இவை போன்ற செய்திகளைக் கேட்டவுடன் நம்மிடையே ஒரு வழக்குத் தொடங்கிவிடுகிறது. வன்னிக் குளங்களைக் கட்டியோர் எந்த மொழி பேசினர், எந்தத் தெய்வத்தைத் தொழுதனர் என்பதே அவ்வழக்கு. வரலாற்றை ஆராய்வது அறிஞர் கடமை. அதனை நாம் குறைகூறவில்லை. ஆனால் குளத்துநீர் மொழி கேட்டு வயலில் பாய்வதில்லை. கட்டியவர் பெயரைச் சொல்லி உரிமை கொண்டாட வருவோர் பலராகவும், துருசில் அடைந்த செத்தையை எடுக்க நீரில் இறங்குவோர் சிலராகவும் இருக்கும் ஊரில் முன்னோர் பெருமை எத்தனை நாள் நிலைக்கும்? நமது கவலை இதுவே.

‘முறிப்பு’ என்னும் சொல்

குளம் கட்டும் அறிவு இத்துணைச் சிறந்திருந்த நாட்டில் குளங்கள் பாழடைந்தது எவ்வாறு? தண்ணிமுறிப்பு என்னும் ஊர்ப்பெயரையே எண்ணிப் பாருங்கள். நீர் கட்டை முறித்துக்கொண்டு ஓடிய நினைவு அப்பெயரிலேயே தங்கி நிற்கின்றது. வன்னியில் ‘முறிப்பு’ என முடியும் பெயர்கள் இன்னும் உண்டு. ஒரு நாட்டார் தம் தோல்வியை ஊர்ப்பெயராக வைத்து நினைவுகூர்வது அருமையான செயல். அதுவும் ஒருவகை வரலாற்று நூலேயாகும்.

போரும் படையெடுப்பும் காரணங்களாம். மலேரியாக் காய்ச்சலும் காரணமாம். இவற்றோடு, பலரும் நினையாத மற்றொரு காரணமும் உண்டு. முற்காலத்தில் ஊரார் அனைவரும் ஆண்டுதோறும் சில நாள் கூடிக் குளக்கட்டை மண்ணிட்டு உயர்த்தவும் வாய்க்காலைத் துப்புரவு செய்யவும் வழக்கத்தாற் கட்டுண்டிருந்தனர். 1832இல் ஆங்கில அரசினர் இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியத்தை ஒழித்தனர். கட்டாய ஊழியம் ஒழிந்தது நன்றே. ஆனால் அதனோடு சேர்ந்து ஊர்க்குளத்தைப் பேணும் வழக்கமும் வலுவிழந்தது. அதன் இடத்தில் வேறொன்றை வைப்பார் இலர். 24 ஆண்டுகள் கழித்து, 1856இல், தேசாதிபதி ஹென்றி வார்ட் காலத்தில் பழைய நீர்ப்பாசன வழக்கங்களுக்கு மீண்டும் சட்டவலு அளிக்க நேர்ந்தது. நீர்ப்பாசனத் திணைக்களம் 1900இல் தோன்றியது. அதன் பின்னரே பெருங்குளங்கள் பல மெல்ல மெல்ல உயிர்பெற்றன.

இதிலிருந்து அறிவது யாது? கட்டுதற்கு ஒரு மன்னன் போதும். காத்தற்கு ஊரே வேண்டும்.

வாழ்க்கையை அளக்கும் கோல்

இனி, கட்டடத்தை விட்டு மக்கள் வாழ்க்கைக்கு வருவோம். நாட்டின் செல்வத்தை மட்டும் அளந்தால் மக்கள் வாழ்வு விளங்காது என்பதனால், 1990இல் ஐக்கிய நாடுகள் அபிவிருத்தித் திட்டத்தினர் புதியதோர் அளவைத் தந்தனர். பாகிஸ்தானியரான மஹ்பூப் உல் ஹக் என்னும் பொருளியலறிஞர், இந்தியரான அமர்த்தியா சென்னின் துணையோடு வகுத்த அவ்வளவை ஆயுள், கல்வி, வருமானம் ஆகிய மூன்றையும் சேர்த்து நோக்குகின்றது. அதன்படி இலங்கை அண்மை ஆண்டுகளில் 0.78 அளவில் நின்று ‘உயர் மனித மேம்பாடு’ உடைய நாடுகளுள் எண்ணப்படுகின்றது.

அமெரிக்கரின் சராசரி வருமானம் நம்முடையதைப்போல் ஏறக்குறைய 20 மடங்கு. அவர்கள் 1969இல் சந்திரனில் மனிதனை இறக்கியவர்கள். ஆயினும் அங்கே பிறக்கும் குழந்தை எதிர்பார்க்கக்கூடிய ஆயுளும், இங்கே பிறக்கும் குழந்தை எதிர்பார்க்கக்கூடிய ஆயுளும் ஒன்றிரண்டு ஆண்டுகளே வேறுபடுகின்றன. இரண்டும் 77க்கு அண்மையில் உள்ளன. செல்வத்தில் இத்துணைப் பின்னிற்கும் நாம் ஆயுளில் அவர்கள் பக்கத்தில் நிற்பது எவ்வாறு?

கோபுரங்களால் நாம் அந்நிலையை அடையவில்லை. 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பகுதிமுறை, 1931இல் ஆண் பெண் அனைவர்க்கும் கிடைத்த வாக்குரிமை, 1945இல் வந்த இலவசக் கல்வி, கட்டணமற்ற ஆசுபத்திரி, வீடுதேடி வரும் மருத்துவமாது ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாய்ச் செய்த வேலை அது. 1940களின் நடுவில் இந்நாட்டில் ஒரு இலட்சம் பிள்ளைப்பேறுகளில் 1,500க்கு மேற்பட்ட தாய்மார் இறந்தனர். இன்று அத்தொகை 30 அளவிலே உள்ளது. இந்த எண்ணுக்கு எவரும் விளக்கேற்றித் திறப்புவிழாச் செய்ததில்லை. எனினும் நம் வீடுகளில் பாட்டிமார் தம் பேரப்பிள்ளைகளோடு இருக்கின்றனரே, அதுவே அதன் நினைவுச்சின்னம்.

மலேரியாவின் கதை இன்னும் பெரியது. 1934, 1935ஆம் ஆண்டுகளில் அந்நோயினால் நாட்டில் ஏறக்குறைய 80,000 பேர் மாண்டனர். மருந்து தெளித்து நுளம்பை ஒழித்த முயற்சியினால் 1963இல் நாடு முழுவதிலும் 17 நோயாளரே காணப்பட்டனர். வெற்றி கிடைத்தது என்று கையைத் தளர்த்தியதும், அந்தப் பத்தாண்டு முடிவதற்குள்ளேயே பல இலட்சம் பேரை நோய் மீண்டும் பற்றியது. பின்னர்ச் சோர்வின்றிப் பாடுபட்டு, 2012க்குப்பின் உள்நாட்டில் தொற்றியவர் எவருமின்றி, 2016 செப்டெம்பரில் மலேரியா அற்ற நாடு என்னும் சான்றிதழை உலக சுகாதார நிறுவனத்திடமிருந்து பெற்றோம். இடையிலே நெடும்போர் நடந்தது. அப்போரின் நடுவிலும் வடபுலத்துக்கு நுளம்புவலையும் மருந்தும் சென்றன; சுகாதார ஊழியர் இருபுறத்தாரின் இசைவோடும் கிராமந்தோறும் சென்று இரத்தம் எடுத்துச் சோதித்தனர். நாட்டுப் பெருமை என்று மார்தட்டுவதற்கு இதனினும் தகுதியான செய்தியை நாம் அறியோம்.

சராசரி மறைக்கும் கடைவயல்

எனினும் இந்த எண்களைக் கேட்டு நாம் மகிழ்ந்து உறங்கிவிடலாகாது. சராசரி என்பது குளத்தின் நீர்மட்டம் போன்றது. குளம் நிறைந்திருக்கிறது என்றால் எல்லா வயலும் நனைந்துவிட்டது என்பது பொருளன்று. துருசுக்கு அருகிலுள்ள வயல் முதலில் நனையும். வாய்க்காலின் கடைசியிலுள்ள வயல் காத்துக் கிடக்கும். நீர்ப்பங்கீடு ஒழுங்காக நடக்கின்றதா என்பதை அறிய விரும்பும் வட்டவிதானை குளக்கட்டில் நின்று பார்ப்பதில்லை. கடைவயலுக்குச் சென்று பார்ப்பார்.

நாமும் அவ்வாறே பார்ப்போம். அரசாங்கத்தின் 2016ஆம் ஆண்டுக் கணக்கின்படி நாட்டில் நூற்றுக்கு 4.1 பேர் வறுமைக் கோட்டின்கீழ் இருந்தனர். கொழும்பு மாவட்டத்தில் அது 0.9, முல்லைத்தீவில் 12.7, கிளிநொச்சியில் 18.2. நாயாறு, கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி, கொக்கிளாய் ஆகிய ஊர்களின் மக்கள் 1984இன் இறுதியில் வீடுவாசலை விட்டு வெளியேறியவர்கள். 2004 டிசெம்பர் 26இல் முல்லைத்தீவுக் கரையைக் கடல் கொண்டது. 2009இல் போர் முடிந்தபின்னரே பலர் தம் காணிக்குத் திரும்பினர். இக்கால் நூற்றாண்டில் குளங்களையும் வாய்க்கால்களையும் யார் பார்த்தார்? ஆகவே கடைவயல் காய்ந்ததற்குக் கடைவயலைக் குறைகூறுவது நீதியாகாது. நாட்டின் பெருமையை அளக்கும் கோலை இங்கே ஊன்ற வேண்டும் என்பதே நமது வாதம்.

திறப்புவிழாவும் பராமரிப்பும்

1986 ஏப்ரில் 20ஆந் திகதி, ஊரெல்லாம் உறங்கிய நள்ளிரவு கடந்த வேளையில் கந்தளாய்க் குளக்கட்டு உடைந்தது. 100க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். பண்டைப் பெருமையில் எக்குளத்துக்கும் குறையாத குளம் அது. இத்தாலி நாட்டு ஜெனோவா நகரில் 1967இல் திறக்கப்பட்ட மொராண்டிப் பாலம் அந்நாட்டுப் பொறியியலின் சிறப்புக்குச் சான்றாகப் பேசப்பட்டது. 2018 ஆகத்து 14ஆந் திகதி அது இடிந்து 43 பேர் மாண்டனர். வறிய நாடாயினும் செல்வ நாடாயினும், கட்டியதைக் கண்காணியாமல் விடுவதன் முடிவு ஒன்றேயாகும்.

நம் நாட்டில் அண்மைக் காலத்தில் எழுந்த பெரும்பணிகளையும் எண்ணிப் பார்க்கலாம். அம்பாந்தோட்டைத் துறைமுகம் 2010இல் திறக்கப்பட்டது. 2017இல் அது 99 ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்டது. மத்தள விமான நிலையம் 2013இல் திறக்கப்பட்டது. அங்கே விமானங்கள் வருவது அரிதாயிற்று. 2022 ஏப்ரிலில் வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாது என அரசு அறிவித்தது. இவ்வீழ்ச்சிக்குக் கட்டடங்கள்மட்டுமே காரணம் என்று கூறினால் அது பொய்யாகும். 2019இல் வரிகளைக் குறைத்தமை, கொள்ளை நோய், 2021இல் இரசாயனப் பசளையைத் திடீரெனத் தடைசெய்தமை ஆகியவையும் அதிற் சேர்ந்தன. எனினும் அந்த ஆண்டில் கமக்காரர் பசளைக்கு அலைந்தனர். படகோட்டிகள் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றனர். தாய்மார் அடுப்பெரிக்க வழிதேடினர். தாமரைக் கோபுரம் அந்த ஆண்டிலேதான் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது என்பதையும் வாசகர் நினைவிற் கொள்வாராக.

ஒல்லாந்தரிடம் கற்க வேண்டியது

முல்லைத்தீவில் ஒருகாலத்தில் கோட்டை கட்டியிருந்த ஒல்லாந்தரின் நாட்டை இங்கே எண்ணிப் பார்ப்பது பொருந்தும். நெதர்லாந்தின் நிலத்தில் ஏறக்குறைய நாலிலொரு பங்கு கடல்மட்டத்துக்குக் கீழே உள்ளது. 1953 பெப்ரவரியில் புயற்கடல் அணைகளை உடைத்து 1,836 பேரைக் கொன்றது. அதன்பின் கடல்வாய்களை அடைத்துக் காக்கும் மாபெரும் திட்டத்தை அவர்கள் மேற்கொண்டனர்.

அத்திட்டத்தில் கிழக்கு ஸ்கெல்ட் என்னும் கடல்வாயை முற்றாக மூடிவிடுவதென்று முதலில் தீர்மானித்தனர். மூடிவிட்டால் உவர்நீர் மாறிச் சிப்பியும் மட்டியும் அழியும் என்று வலைஞரும் இயற்கை அறிஞரும் எதிர்த்தனர். அரசு அவர்களை ‘முன்னேற்றத்தின் பகைவர்’ என்று ஒதுக்கிவிடவில்லை. செலவு மிகுந்தாலும் திட்டத்தை மாற்றி, 9 கிலோமீற்றர் நீளத்தில் 62 இரும்புக் கதவுகள் கொண்ட அணையை 1986இல் முடித்தனர். மற்றைய நாளில் கதவுகள் திறந்திருக்கும். புயல் வரும்போதே மூடப்படும். அங்கே அணைகளைப் பேணும் நீர்ச் சபைகள் 13ஆம் நூற்றாண்டிலேயே தோன்றியவை. அவற்றுக்கு இன்றும் மக்கள் வாக்களிக்கின்றனர். நம் ஊர்களில் காலபோகத்துக்கு முன் குளக்கட்டருகே கமக்காரர் கூடி நீர் திறக்கும் நாளைத் தீர்மானிக்கும் கூட்டம் இதற்கு ஒத்ததே. ஆனால் அவர்கள் அதனை நாட்டின் அரணாகக் கொண்டாடுகின்றனர். நாமோ அதனைக் கமக்காரர் அலுவல் என்று கடந்துவிடுகின்றோம்.

மழைநீர் ஒருதுளியும் பயனின்றிக் கடலிற் சேரலாகாது என்னும் பராக்கிரமபாகு மன்னனின் கொள்கையை நாம் பள்ளியிற் படித்திருக்கிறோம். கமக்காரனுக்கு அது பொன்மொழி. நாயாற்று வலைஞனைக் கேட்டால் அவன் வேறொன்றும் கூறுவான்: களப்பில் நன்னீர் வந்து கலவாவிட்டால் இறால் ஏது? வயலுக்கும் பங்கு, களப்புக்கும் பங்கு என்று இருவரையும் கேட்டு வகுப்பதே முழுமையான பொறியியல்.

வன்னியிலும் இத்தகைய ஒரு வழக்கு நடந்ததுண்டு. 1902இல் தொடங்கிக் கட்டப்பட்ட இரணைமடுக் குளத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்குக் குடிநீர் கொண்டு செல்லத் திட்டமிட்டபோது, தம் சிறுபோகம் கெடும் என்று கிளிநொச்சிக் கமக்காரர் எதிர்த்தனர். யாழ்ப்பாணத்தார் தாகமும் உண்மை. கிளிநொச்சியார் அச்சமும் உண்மை. நீண்ட விவாதத்தின்பின் கடல்நீரை நன்னீராக்கும் வழி தேர்ந்தெடுக்கப்பட்டு, நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் நீர் தரும் நிலையம் தாளையடியில் 2024 ஆகத்தில் திறக்கப்பட்டது. காலமும் பொருளும் மிகச் செலவாயின. ஆயினும் ஓர் ஊரின் தாகத்தைத் தீர்க்க மற்றோர் ஊரைக் காயவிடாத வழியொன்றைத் தேடினார்கள் என்பது சிறிய செய்தியன்று.

பிள்ளைகளுக்குக் கூற வேண்டியது

நாட்டுப்பற்று நல்லதே, அதனைப் பிள்ளைகளுக்கு ஊட்ட வேண்டியது பெற்றோர் கடன். ஆனால் எதனைக் காட்டி ஊட்டுவது என்பதில் கவனம் வேண்டும். கோபுரத்தைக் காட்டும் தந்தையார், அதே நாளில் ஊர்க் குளத்தையும் காட்டுவாராக. துருசு எவ்வாறு இயங்குகின்றது என்பதை விளக்குவாராக. தாய்மார் தம் பிள்ளைகளுக்கு ஊசி போட வந்த மருத்துவமாதைப் பற்றிச் சொல்வாராக. அந்த ஊசியும் இந்நாட்டின் சாதனை என்று கூறுவாராக. பிறநாட்டுச் சிறப்பை வியந்து பேசும் இளைஞர், அந்நாட்டார் தம் அணையையும் பாலத்தையும் ஆண்டுதோறும் எவ்வாறு பேணுகின்றனர் என்பதையும் சேர்த்துக் கேட்டறிவாராக.

புதிய பணி ஒன்று எழும்போது அதன் உயரம் எத்தனை, செலவு எத்தனை என்று மட்டும் வினவுதல் போதாது. அதன் பயன் கடைசி வீட்டை எட்டுமா, அதனால் வாழ்விழப்போர் உளரேல் அவர் சொல் கேட்கப்பட்டதா, இருபது ஆண்டு கழித்து அதனைப் பேணுவோர் யார் என்னும் இவற்றையும் வினவப் பழகிய மக்களை எவரும் எளிதில் ஏமாற்ற இயலாது.

கார்த்திகை மழையில் குளம் நிறைந்து வான்பாயும் ஓசை கேட்டதும், நம் கமக்காரர் மழையென்றும் இரவென்றும் பாராமல் விளக்கை எடுத்துக்கொண்டு கட்டைப் பார்க்கச் செல்கின்றனர். கட்டில் எங்கேனும் கசிவு உண்டா என்று காலால் மிதித்துப் பார்த்து, மண் இளகிய இடத்தில் மூட்டையை வைத்துவிட்டு வீடு திரும்புகின்றனர். அவர்கள் பெயரை எந்தக் கல்வெட்டும் கூறப்போவதில்லை. ஆனால் அந்தக் கட்டின் கீழுள்ள ஊர் அன்றிரவு அச்சமின்றி உறங்குகின்றது.